பூச்சிக்கொல்லி ஏற்றுமதி ஒப்புகைத் தாள்: தபாலை விட்டு ஆன்லைனுக்கு மாறுபவர்களுக்கு

கம்ப்ளையன்ஸ் வேலைக்கு, அதாவது நிறுவனம் சட்ட விதிகளைக் கடைப்பிடிக்கிறதா என்று பார்க்கும் வேலைக்கு, புதிதாக வந்தவரிடம் முதல் வாரமே ஒரு தடித்த கோப்பைக் கொடுத்து, "இதுவரைக்கும் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தோம், இனிமேல் ஆன்லைன், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. கோப்பைத் திறந்தால் ஒரே மாதிரியான ஒற்றைத் தாள்கள். அமெரிக்காவில் பதிவு பெறாத பூச்சிக்கொல்லியை அங்கிருந்து வேறொரு நாட்டுக்கு விற்கும்போது, வாங்குபவர் கையெழுத்திட்டுத் தர வேண்டிய ஒப்புகைத் தாள்கள் அவை. அலுவலகத்தில் எஃப்.பி.ஏ.எஸ். என்பார்கள். நான் ஒப்புகைத் தாள் என்றே சொல்கிறேன்.

அமெரிக்காவில் உள்ள ஏற்றுமதி நிறுவனத்தில் இந்த வேலையை எடுத்துக்கொண்டவர்களுக்கும், அப்படிப்பட்ட நிறுவனத்துக்குச் சென்னையிலோ ஹைதராபாத்திலோ இருந்து ஆவண வேலை பார்ப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தபாலிலிருந்து ஆன்லைனுக்குப் போவதால் மாறுவது உறை மட்டும்தான். கெடு மாறவில்லை, தாளில் இருக்க வேண்டிய விவரம் மாறவில்லை, கையெழுத்து வாங்க வேண்டிய வரிசையும் மாறவில்லை. வேலையில் பெரும்பகுதி இணையதளத்தைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இந்தத் தாள் யாருக்காக

அமெரிக்காவில் பூச்சிக்கொல்லிகளை ஆளும் சட்டத்தின் பெயர் ஃபிஃப்ரா. அதை நடத்துவது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈ.பி.ஏ. உள்நாட்டில் விற்கவேண்டுமானால் ஒவ்வொரு சரக்கும் ஈ.பி.ஏ.விடம் பதிவாக வேண்டும். ஏற்றுமதிக்கென்றே தயாரிக்கும் சரக்குக்கு அந்தப் பதிவு கட்டாயமில்லை. அப்படியானால் வாங்கும் நாட்டுக்கு அது தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் 1978ல் சட்டத்தைத் திருத்தியபோது 17ஆம் பிரிவில் இந்த ஒப்புகையைச் சேர்த்தார்கள். "இந்தச் சரக்கு அமெரிக்காவில் பயன்படுத்தப் பதிவு செய்யப்படவில்லை, அங்கே விற்க முடியாது என்பதை அறிந்தே வாங்குகிறேன்" என்று வாங்குபவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஏற்றுமதி செய்பவர் அதை ஈ.பி.ஏ.வுக்கு அனுப்ப, ஈ.பி.ஏ. அதன் நகலைச் சரக்கு போய்ச்சேரும் நாட்டின் அரசுக்கு அனுப்பும்.

இந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தாள் வாஷிங்டனோடு நிற்பதில்லை. எங்கோ ஒரு நாட்டில், வேளாண் துறையிலோ சுற்றுச்சூழல் துறையிலோ ஒருவர் அதைப் படிக்கப் போகிறார். இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பூச்சிகொல்லிப் பதிவாளர் என்று ஒரு பதவி உண்டு. எந்த மருந்து தன் நாட்டுக்குள் வரலாம், எது கூடாது என்று முடிவெடுப்பது அந்த அலுவலகம். பாராகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியான் மூன்றையும் 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக நிறுத்தினார்கள். விஷம் குடித்து இறப்பவர்களின் எண்ணிக்கையைக் குறைத்ததில் அங்கே எடுத்த இதுபோன்ற தடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. என்ன வருகிறது என்று தெரிந்தால்தான் ஒரு நாட்டால் அதை நிறுத்த முடியும். நாம் தவறான பெயரில் அனுப்பும் ஒரு தாள், அந்த மேசைக்குத் தவறான தகவலாகப் போய்ச்சேர்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள ஒவ்வொரு படியும் ஏன் இவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்பது புரியும்.

முதல் படி: தாள் தேவையா என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். "இந்த மருந்து அமெரிக்காவில் புழக்கத்தில் இருக்கிறதே, அப்புறம் எதற்கு ஒப்புகை?" என்று கேட்பார்கள். ஈ.பி.ஏ. பதிவு செய்வது கடையில் விற்கும் சரக்கை, அதாவது குறிப்பிட்ட கலவையை, குறிப்பிட்ட லேபிளோடு. உள்ளே இருக்கும் செயல்படு பொருள் அமெரிக்காவில் 50 சரக்குகளில் இருக்கலாம். நீங்கள் அனுப்பும் கலவை அந்த 50ல் ஒன்றாக இல்லாவிட்டால் அது பதிவு பெறாத சரக்குதான்.

பொட்டலத்தின் அளவு மட்டும் மாறியது, லேபிளின் மொழி மட்டும் மாறியது போன்ற சின்ன மாற்றங்களுக்கு விதியில் விலக்கு உண்டு. அந்தச் சரக்கைப் பதிவானதாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்த விலக்கின் எல்லையை அமெரிக்க மத்திய அரசின் விதித்தொகுப்பில், 40ஆம் தலைப்பின் 168ஆம் பகுதியில், வரி வரியாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள். விற்பனைப் பிரிவு சொல்வதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். செயல்படு பொருளின் அளவு 41 சதவீதத்திலிருந்து 48 சதவீதமாக மாறியிருந்தால் அவர்கள் பார்வையில் அது அதே சரக்கு. விதியின் பார்வையில் அப்படியில்லை.

நான் செய்வது இது. நிறுவனம் ஏற்றுமதி செய்யும் எல்லாச் சரக்குகளையும் ஒரு பட்டியலாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஈ.பி.ஏ. பதிவு எண்ணை எழுதச் சொல்வேன். எண் எழுத முடியாத வரிகள்தான் நம் வேலை. ஒரே நாளில் படம் தெளிவாகிவிடும்.

லேபிளையும் இதோடு சேர்த்தே பார்த்துவிடுங்கள். பதிவு பெறாத ஏற்றுமதிச் சரக்கின் லேபிளில், அமெரிக்காவில் பயன்படுத்தப் பதிவு செய்யப்படவில்லை என்ற வாசகம் இருந்தாக வேண்டும். தயாரித்த ஆலையின் ஈ.பி.ஏ. எண்ணும் வேண்டும். இடையில் மாநிலத்தின் இரண்டெழுத்துச் சுருக்கம் வரும் எண் அது. முக்கியமான எச்சரிக்கைகள் ஆங்கிலத்தோடு வாங்கும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். லேபிள் விதிகளை 2013ல் திருத்தி எழுதினார்கள். அதற்கு முந்தைய பழைய வார்ப்புரு எதுவும் கோப்பில் இருந்தால் அதை எடுத்துப் பயன்படுத்தாதீர்கள்.

இரண்டாம் படி: சரக்குக்குச் சரக்கா, ஆண்டுக்கு ஒன்றா

இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு முறை சரக்கு போகும்போதும் புதிதாக ஒப்புகை வாங்கி அனுப்பலாம். அல்லது, ஒரே வாங்குபவருக்கு, ஒரே நாட்டுக்கு, ஒரே சரக்கு அடிக்கடி போகிறது என்றால், அந்தக் காலண்டர் ஆண்டின் முதல் சரக்குக்கு மட்டும் ஒப்புகை அனுப்பிவிட்டு, மீதியை அடுத்த ஆண்டு மார்ச் 1க்குள் ஒரு தொகுப்பறிக்கையாகக் கொடுக்கலாம். இந்த வழியை எடுத்தால், இது ஆண்டின் முதல் சரக்கு என்பதைத் தாளிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மாதம் ஒரு கன்டெய்னர் போகும் இடத்துக்கு ஆண்டு வழி வசதி. ஆனால் டிசம்பரில் போக வேண்டிய கன்டெய்னர் துறைமுக நெரிசலில் ஜனவரிக்குத் தள்ளிப்போனால், அது புதிய ஆண்டின் முதல் சரக்காகிவிடும். கையில் புதிய ஒப்புகை இருக்காது. அதனால் ஆண்டு வழியில் இருக்கும் வாங்குபவர்களிடம் டிசம்பர் முதல் வாரத்திலேயே அடுத்த ஆண்டுக்கான தாளை அனுப்பிக் கையெழுத்துக் கேட்டுவிடுவேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு கேட்டால் பல நாடுகளில் ஜனவரி நடுவில்தான் பதில் வரும்.

மூன்றாம் படி: தாளை நிரப்புவது

தாளில் ஏற்றுமதியாளரின் பெயர், முகவரி, ஈ.பி.ஏ. அடையாள எண். வாங்குபவரின் பெயர், முகவரி. சரக்கின் பெயர். செயல்படு பொருள்களின் பெயரும் அவற்றின் சி.ஏ.எஸ். எண்ணும். தெரிந்த அளவில் கடைசியாகப் போய்ச்சேரும் நாடு. மேலே சொன்ன ஒப்புகை வாசகம். வாங்குபவரின் கையெழுத்து, தேதி. இதோடு, ஒப்புகை கையில் வருவதற்கு முன் சரக்கை அனுப்பவில்லை என்று ஏற்றுமதியாளர் தரும் உறுதிமொழி.

பார்த்தால் எளிமையாகத் தெரியும். பிழை அதிகம் வருவது சி.ஏ.எஸ். எண்ணில். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சி.ஏ.எஸ். எண் என்பது ஒரு ரசாயனத்துக்கு உலகம் முழுக்கப் பொதுவான அடையாள எண். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், பொதுப்பெயரின் எழுத்துக்கூட்டல்கூட மாறும், இது மாறாது. அந்த நாட்டு அதிகாரி தன் தடைப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இதைத்தான். இந்த எண்ணுக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, மற்றவற்றை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் எண்ணின் கடைசி இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். கிளைஃபோசேட்டின் எண் 1071-83-6. வலமிருந்து 3, 8, 1, 7, 0, 1. பெருக்கினால் 3, 16, 3, 28, 0, 6. கூட்டினால் 56. கடைசி இலக்கம் 6. சரி. எக்ஸெலில் ஒரு சூத்திரமாகப் போட்டுவிட்டால் தட்டச்சுப் பிழைகளில் பெரும்பாலானவை சிவப்பாகத் தெரியும்.

ஆனால் இந்தச் சோதனை பிடிக்காத ஒரு பிழை உண்டு. ஒரே செயல்படு பொருளின் அமில வடிவத்தின் எண்ணையும் உப்பு வடிவத்தின் எண்ணையும் மாற்றிப் போடுவது. கிளைஃபோசேட் அமிலம் 1071-83-6. அதன் ஐசோபுரோபைலமைன் உப்பு 38641-94-0. இரண்டும் சோதனையில் தேறும், இரண்டும் உண்மையான எண்கள். களைக்கொல்லிக் கேனில் உப்பு இருக்க, தாளில் அமிலத்தின் எண் போயிருக்கும். சரக்கின் கலவை விவரத்தை ஆய்வகத்திடமோ உற்பத்திப் பிரிவிடமோ எழுத்தில் வாங்கி, அதிலிருந்து மட்டும் எண்ணை எடுங்கள். இணையத்தில் தேடி எடுத்தால் பெரும்பாலும் அமிலத்தின் எண்தான் முதலில் வரும்.

எக்ஸெல் செய்யும் இன்னொரு கோளாறையும் சொல்ல வேண்டும். லெனாசில் என்று ஒரு களைக்கொல்லி இருக்கிறது. அதன் எண் 2164-08-1. எக்ஸெல் அதை 2164ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 என்று எடுத்துக்கொண்டு தேதியாக மாற்றிவிடும். எண் போடும் பத்தியை முன்கூட்டியே டெக்ஸ்ட் என்று மாற்றிவைத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். பிறகு மாற்றினால் பயனில்லை, அதற்குள் எண் போயிருக்கும்.

சேரும் நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இன்வாய்ஸ் போகும் நாடும் சரக்கு போகும் நாடும் வேறாக இருப்பது சாதாரணம். பனாமாவில் உள்ள வணிகர் வாங்குவார், சரக்கு கொலம்பியாவில் இறங்கும். கொலம்பியா தெரிந்திருந்தும் பனாமா என்று மட்டும் எழுதினால், அறிய வேண்டிய அரசு அறியாமலே போய்விடும். ஷிப்பிங் பிரிவின் பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பலில் ஏற்றும் சரக்குக்கான ஆவணத்தின், வரைவைப் பார்த்து நாட்டை எழுதுங்கள்.

நான்காம் படி: கையெழுத்தும் 7 நாள் கணக்கும்

வரிசை இதுதான்: வாங்குபவர் கையெழுத்திட்ட தாள் நம் கைக்கு வர வேண்டும், அதற்குப் பிறகே சரக்கு கிளம்ப வேண்டும். தாள் வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள், அல்லது ஏற்றுமதி நாளுக்குள், இரண்டில் எது முந்தியதோ அதற்குள் ஈ.பி.ஏ.வுக்குத் தாள் போயாக வேண்டும்.

"எது முந்தியதோ" என்பதைப் படித்தும் படிக்காமல் விடுபவர்கள் நிறையப் பேர். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இது நடந்தது. வியாழக்கிழமை வாங்குபவரின் கையெழுத்து மின்னஞ்சலில் வந்தது. வெள்ளிக்கிழமை கன்டெய்னர் கப்பலேறியது. 7 நாள் இருக்கிறதே என்று தாளை நான் திங்கட்கிழமை தபாலில் போட்டேன். வாங்குபவரிடமும் தவறில்லை, ஷிப்பிங் பிரிவிடமும் தவறில்லை. கெடு வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து நான் 7 நாளை எண்ணுவதே இல்லை. தாள் வந்த அன்றே அனுப்பிவிடுவேன்.

தபாலில் இருந்த காலத்தில் அன்றே அனுப்பினாலும் போய்ச்சேர்வது நம் கையில் இல்லை. 2001 அக்டோபரில் ஆந்த்ராக்ஸ் தூள் வைத்த கடிதங்கள் வந்ததிலிருந்து, வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு அலுவலகங்களுக்குப் போகும் தபாலைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே உள்ளே விடுகிறார்கள். அதனால் தாமதம் ஆகும், தாளும் மஞ்சளடித்து நொறுங்கும். கையெழுத்து வாங்க அலைந்த தாள் அந்த நிலையில் போய்ச்சேருவதை நினைத்தால் வருத்தமாக இருக்கும். ஆன்லைனுக்கு மாறுவதால் உண்மையிலேயே தீர்வது இந்தச் சிக்கல்தான்: அனுப்பிய நிமிடம் பதிவாகிறது.

தாள் நம் கைக்கு வந்த தேதியையும் அதே கறாரோடு பதிவு செய்யுங்கள். வாங்குபவரின் மின்னஞ்சலைப் பி.டி.எஃப்.ஆகச் சேமித்துத் தாளோடு வைத்துவிட்டால் போதும், நேரமும் தேதியும் அதிலேயே இருக்கும். விற்பனை ஆள் ஒருவரின் பெட்டிக்கு வந்து மூன்று நாள் அங்கேயே கிடந்தாலும் அது நிறுவனத்துக்கு வந்ததாகத்தான் பொருள். ஆகவே தாளைத் திருப்பி அனுப்ப ஒரு பொது மின்னஞ்சல் முகவரி வைத்து, வாங்குபவர்கள் எல்லோருக்கும் அதைக் கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: கணக்கு திறப்பது

ஈ.பி.ஏ.வின் மின்னணு வாசல் சென்ட்ரல் டேட்டா எக்ஸ்சேஞ்ச், சுருக்கமாக சி.டி.எக்ஸ். உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சேவை இருக்கிறது. பூச்சிக்கொல்லி விண்ணப்பங்களுக்கு பெஸ்டிசைட் சப்மிஷன் போர்ட்டல், ஆலைகளின் ஆண்டு உற்பத்தி அறிக்கைக்கு எஸ்.எஸ்.டி.எஸ். என்று. பதிவு செய்யும்போது சேவையையும் உங்கள் பொறுப்பையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஈ.பி.ஏ.வின் ஏற்றுமதிப் பக்கத்தில் ஒப்புகைத் தாளுக்கு இன்றைய தேதியில் எந்தச் சேவையைக் குறிப்பிட்டிருக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள். அலுவலகத்தில் யாரோ முன்பு எழுதிவைத்த குறிப்பைப் பார்த்துச் செய்யாதீர்கள். வேறு சேவையில் சேர்ந்துவிட்டால் நீங்கள் தேடும் படிவம் கண்ணிலேயே படாது. கணக்கைப் புதிதாகத் திறக்கத் தேவையில்லை, சேவையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

நிறுவனத்தின் பெயரைக் கேட்கும் இடத்தில், ஏற்கனவே பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் புதிதாக ஒன்றை உருவாக்கினால் ஒரே நிறுவனம் இரண்டாகிவிடும். பழைய கணக்கில் இருப்பவர்களின் ஆவணங்களும் உங்களுடையதும் சேராது.

அடுத்து மின் கையெழுத்து. இதற்கு ஆதாரம் 2005ல் வந்த குரோமர் என்ற விதி. மின்வழியில் இடும் கையெழுத்து பேனாவால் இடும் கையெழுத்துக்குச் சமமாகச் சட்டத்தில் நிற்க வேண்டுமானால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்கிறது. அதன்படி நீங்கள் யார் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். அடையாளம் சரிபார்க்கும் லெக்ஸிஸ்நெக்ஸிஸ் நிறுவனத்தின் வழியாக ஆன்லைனிலேயே நிரூபிக்கலாம், இல்லையென்றால் மின் கையெழுத்து ஒப்பந்தத்தை அச்செடுத்துப் பேனாவால் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பலாம்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. லெக்ஸிஸ்நெக்ஸிஸ் பார்ப்பது அமெரிக்காவில் உங்கள் பெயரில் இருக்கும் பொதுப் பதிவுகளை. விசாவில் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, இரண்டு முறை வீடு மாறியாகிவிட்டது என்றால் அது உங்களை அடையாளம் காணாமல் போக வாய்ப்பு அதிகம். பயப்பட ஒன்றுமில்லை, தாள் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். ஆகவே முதல் சரக்கு போக வேண்டிய தேதிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே கணக்கைத் திறக்கத் தொடங்குங்கள். இந்தியாவிலிருந்து வேலை பார்ப்பவர்கள் ஆவணத்தைத் தயாரிக்கும் பொறுப்பை வைத்துக்கொண்டு, கையெழுத்திடும் பொறுப்பை அமெரிக்காவில் உள்ள ஒருவரிடம் கொடுப்பது நல்லது.

அடுத்து சி.டி.எக்ஸ். 20 பாதுகாப்புக் கேள்விகளிலிருந்து 5ஐத் தேர்ந்தெடுத்துப் பதில் கொடுக்கச் சொல்லும். ஒவ்வொரு முறை கையெழுத்திடும்போதும் கடவுச்சொல்லோடு இந்த 5ல் ஒன்றைக் கேட்கும். ஊர்ப் பெயர், பள்ளிப் பெயர் போன்றவற்றை ஆங்கிலத்தில் எப்படி எழுத்துக்கூட்டினீர்கள் என்பது ஒரு வருடம் கழித்து நினைவில் இருக்காது. திருச்சி என்பதை எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி ஐயம் வராத பதில்களாகத் தேர்ந்தெடுங்கள்.

கணக்கை யாரோடும் பகிராதீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். "மேனேஜர் லீவில் இருக்கிறார், அவர் பாஸ்வேர்டில் அனுப்பிவிடு" என்று கேட்பார்கள். அந்தக் கையெழுத்து சட்டப்படி அவருடையது, பொய்யான உறுதிமொழிக்குக் குற்றவியல் தண்டனை வரை உண்டு, ஒப்பந்தத்தில் பகிர மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தீர்வு எளிது: கையெழுத்திடும் அதிகாரத்தோடு குறைந்தது இரண்டு பேருக்குத் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: அனுப்புவது

வாங்குபவர் பேனாவால் கையெழுத்திட்ட மூலத் தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டு, ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.ஐ அனுப்புங்கள். கைப்பேசியில் எடுத்த சாய்ந்த படம் வேண்டாம், தேதியும் முத்திரையும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு தாளுக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயரில் தேதி, நாடு, வாங்குபவர், சரக்கு என்று ஒரே வரிசையை எப்போதும் கடைப்பிடியுங்கள். 200 கோப்புகள் சேர்ந்த பிறகு மார்ச் மாதத்தில் அந்த ஒழுங்கு உங்களைக் காப்பாற்றும்.

வணிக ரகசியம் என்று எதையாவது காக்க வேண்டுமானால் அனுப்பும்போதே அதைக் குறித்துவிட வேண்டும். எல்லாவற்றையும் ரகசியம் என்று குறிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டாம். தாளின் நோக்கமே இன்னொரு அரசுக்குத் தகவல் சொல்வது.

திரையில் தட்டச்சு செய்யும் விவரமும் இணைத்த பி.டி.எஃப்.இல் உள்ள விவரமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். நான் பி.டி.எஃப்.ஐ ஒரு பக்கம், திரையை ஒரு பக்கம் வைத்து வாய்விட்டுப் படிப்பேன். முடிந்தால் இன்னொருவர் கேட்க வேண்டும்.

அப்புறம், சேமிப்பது வேறு, அனுப்புவது வேறு. கையெழுத்துத் திரை வந்து, கடவுச்சொல் கொடுத்து, கேள்விக்குப் பதில் சொல்லி முடித்தால்தான் அனுப்பியதாகும். எல்லாம் நிரப்பிச் சேமித்துவிட்டு, மாலையாகிவிட்டதென்று மூடிவிட்டுப் போனால் அது வரைவாகவே கிடக்கும். முடிந்ததும் சி.டி.எக்ஸ். ஒரு பதிவு நகலைத் தரும். அதை உடனே இறக்கி, தாளோடும் வாங்குபவரின் மின்னஞ்சலோடும் ஒரே கோப்புறையில் வையுங்கள். அதன்பிறகு ஷிப்பிங் பிரிவுக்கு "இந்தச் சரக்கு கிளம்பலாம்" என்று எழுத்தில் சொல்லுங்கள். இந்த ஒரு மின்னஞ்சல் இல்லாமல் கன்டெய்னர் கதவு மூடக்கூடாது என்ற ஏற்பாட்டைச் செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சுங்கத்துக்குக் கொடுக்கும் மின்னணு ஏற்றுமதித் தகவல் வேறு. அது ஏ.சி.இ. என்ற இன்னொரு வாசலில், ஷிப்பிங் பிரிவோ, சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் முகவரான ஃபார்வர்டரோ கொடுப்பது. அதைக் கொடுத்துவிட்டதால் ஈ.பி.ஏ. வேலை முடிந்ததாக ஆகாது. இரண்டிலும் ஏற்றுமதி நாள் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாறும் வாரத்தில்

பழைய வழியிலிருந்து புதிய வழிக்குப் போகும் நாளை ஒரு தேதியாக முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லுங்கள். அந்தத் தேதிக்கு முன் தபாலில் போனவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தபால் ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். பயத்தில் ஒரே தாளைத் தபாலிலும் ஆன்லைனிலும் அனுப்பாதீர்கள். ஒரு சரக்கு அங்கே இரண்டாகத் தெரியும், வாங்கும் நாட்டுக்கும் இரண்டு சரக்கு வருவதாகச் செய்தி போகலாம். ரசீது கிடைக்காத தாள் ஏதாவது இருந்தால், மறுபடி அனுப்பும் முன் ஈ.பி.ஏ.வுக்கு எழுதிக் கேளுங்கள்.

ஆண்டு வழியில் இருப்பவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆண்டின் நடுவில் மாறினால் முதல் சரக்கின் தாள் தபாலில் போயிருக்கும், மார்ச் அறிக்கை ஆன்லைனில் போகும். பழைய தாளின் விவரங்களை இப்போதே உங்கள் எக்ஸெல் பட்டியலில் ஏற்றிவிடுங்கள். முடிந்தால் ஜனவரி 1ஐயே மாறும் நாளாக வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் சுலபம்.

மார்ச் 1 என்றதும் ஒரு குழப்பம் நினைவுக்கு வருகிறது. அதே நாளில்தான் ஆலைகளின் ஆண்டு உற்பத்தி அறிக்கையும் கெடு. ஏற்றுமதிக்கென்று தயாரித்த அளவும் அந்த அறிக்கையில் வர வேண்டும். அது ஆலை கொடுப்பது, ஒப்புகைத் தொகுப்பறிக்கை ஏற்றுமதியாளர் கொடுப்பது. ஒன்றைக் கொடுத்ததும் மற்றதும் முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். காலண்டரில் இரண்டு தனி வரிகளாகப் போடுங்கள். பிப்ரவரி நடுவில் இரண்டின் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆலை சொல்லும் ஏற்றுமதி அளவுக்கும் உங்கள் பட்டியலுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், ஒப்புகை வாங்காமல் போன சரக்கு ஏதோ ஒன்று இருக்கிறதா என்று தேட அதுவே சரியான நேரம்.

ஆவணங்களை 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எந்த நாளிலிருந்து 2 ஆண்டு என்பதுதான் கேள்வி. சரக்கு போன நாளிலிருந்து என்று பலர் எண்ணுகிறார்கள். ஏற்றுமதிப் பதிவேடுகளுக்கு விதி சொல்வது வாங்குபவரோடு உள்ள ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து. ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் முதல் மாதத்தில் போன சரக்குக்கு ஏறத்தாழ ஏழு ஆண்டு தாளை வைத்திருக்க வேண்டியிருக்கும். தாள் மட்டுமல்ல, அதோடு போன லேபிளின் நகலும், இப்படித் தயாரித்துக் கொடு என்று வாங்குபவர் எழுதிய குறிப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும். சி.டி.எக்ஸில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அனுப்பியவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய கணக்குக்குள் நீங்கள் போய்ப் பார்க்க முடியாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரத்தின் பதிவு நகல்களை நிறுவனத்தின் பொதுச் சேமிப்பகத்துக்கு மாற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.